மெசினாவுக்கும் மால்டாவுக்கும் இடையில் ஓர் இரவு

கலியாணம் முடிந்து பத்து வருடம். இந்தப் பத்து வருடத்தில் நானும் இவரும் தனியாகப் போன ஆகக் கூடிய தூரம் லாச்சப்பல். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை நடன வகுப்பில் விட்டுவிட்டு, ஃபோபூர் சென் தெனி தெருவில் மரக்கறி வாங்கி, ரூ பெர்தொனேயில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வகுப்பு முடிய முதல் ஓடி வருவோம். அதைத்தான் நாங்கள் "டேட்டிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதை வாசிக்கிற அநேகமான ஆட்களுக்கு விளங்கும். எங்கட லீவு எல்லாம் லண்டனில் சாமத்தியவீடு, ரொறன்ரோவில் கலியாணம், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் யாழ்ப்பாணம். புருசனும் பெண்சாதியும் பிள்ளைகளை விட்டுவிட்டு உலாத்தப் போவது என்றால் ஏதோ களவு செய்கிற மாதிரி. அதனால், மார்செயில் ஏறி மார்செயில் இறங்கும் ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்று ஒக்டோபரில் மலிவாகப் போகிறது என்று இவர் காட்டியபோது, முதலில் எனக்கு வந்தது சந்தோசம் இல்லை, "அம்மாவுக்கு எப்பிடிச் சொல்றது" என்ற யோசனை.

கப்பல் போகும் வழி இது: மார்செய், ஜெனோவா, நாப்போலி, மெசினா, மால்டாவின் வலெத்தா, பிறகு முழுநாள் கடல், பார்சலோனா, திரும்ப மார்செய். ஒவ்வொரு நாளும் காலையில் ஓர் ஊரில் கட்டும், பின்னேரம் வெளிக்கிடும். ஜன்னல் இல்லாத உள் அறை இரண்டு பேருக்கும் சேர்த்து 1,100 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். சாப்பாடு அதுக்குள்ளேயே. ஆனால் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 யூரோ அளவில் தனியாக எழுதினார்கள். குடிவகை, இன்ரநெற், கரையில் சுற்றிக் காட்டும் பஸ் எல்லாம் வேறு காசு. பஸ் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். இந்த வழியில் ஜெனோவா, நாப்போலி, மெசினா, வலெத்தா நாலிலும் கப்பல் ஊருக்கு நடுவிலேயே கட்டுகிறது, இறங்கி நடந்தால் போதும்.

அம்மா அப்பாவை அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். இந்தச் சுற்று முழுவதும் ஷெங்கனுக்குள். பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்டு "தித்ர் த வொயாஜ்" வைத்திருக்கும் ஆட்களும் கார்த் த செஜூரும் செல்லுபடியாக இருந்தால் இதில் விசா இல்லாமல் போகலாம். துனிசியாவோ துருக்கியோ ஒரு இடத்தில் வந்தால் கதை வேறு. காசு கட்ட முதல் துறைமுகங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொம்பனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குச் சொன்னோம். தூசான்த் லீவில் போகிறோம், பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகளை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று. அம்மா சிரித்தா. "போங்கோவன். நான் பாக்கிறன். எந்தெந்த ஊர்?" என்று கேட்டா. இவர் போனில் வரைபடத்தைப் பெருப்பித்துக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. சிசிலிக்குக் கிழக்கால் கீழே இறங்கி மால்டாவுக்குப் போகும் அந்தக் கோட்டில் விரலை வைத்தா.

"இதாலயோ போகுது?"

அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிள்ளைகள் எழும்பிப் போன பிறகுதான் சொன்னா.

1996 இல் நாங்கள் லா கூர்நெவ்வில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் எங்களோடு இருந்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த மார்கழி அவர் வேலைக்குப் போகாமல் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் எடுத்தால் என் கையில் இருந்து பறிப்பார். அவருடைய தம்பியை ஏஜென்சி ஒரு கப்பலில் ஏற்றி விட்டதாகவும், நத்தாரோடு இத்தாலியில் இறக்குவதாகவும் சொல்லியிருந்தார்கள். மாமா தையில் ரயில் எடுத்து இத்தாலிக்குப் போனார். ஒரு கிழமையால் தனியத் திரும்பி வந்தார். எனக்கு, "தம்பி வேற நாட்டுக்குப் போட்டார்" என்று சொன்னார்கள். நானும் அதை 28 வருடமாக நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், யோசித்துப் பார்க்காமல்.

அன்றிரவு தேடி வாசித்தேன். இதைப் பற்றி எங்கள் வயதுக்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் இருந்து புறப்பட்ட நூற்றுக்கணக்கான ஆட்களை யொஹான் என்ற பழைய சரக்குக் கப்பல் ஏற்றி வந்தது. 1996 டிசம்பர் 25 இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், மோசமான காற்றும் அலையும். கரைக்குக் கொண்டுபோக என்று எஃப் 174 என்ற மரப்படகு வந்தது. ஏறக்குறைய 18 மீற்றர் நீளம். அதுக்குள் 300க்கும் மேற்பட்டவர்களை இறக்கினார்கள். படகுக்குள் தண்ணீர் வர, யொஹான் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இரண்டும் மோதின. படகு தாண்டது. குறைந்தது 283 பேர் செத்துப்போனார்கள்.

தப்பியவர்களை யொஹான் கிரேக்கத்தில் கொண்டுபோய் இறக்கியது. அவர்கள் அங்கே பொலிசுக்கு நடந்ததைச் சொன்னார்கள். செய்தியும் வந்தது. ஆனால் உடலும் இல்லை, படகும் இல்லை, ஆகவே அப்படி ஒன்று நடக்கவில்லை என்பது போலவே அதிகாரிகள் இருந்துவிட்டார்கள். சிசிலியின் தெற்கு முனையில் இருக்கும் போர்த்தோபாலோ என்ற சின்ன ஊரின் மீனவர்களுக்கு மட்டும் தெரியும். மாதக்கணக்காக அவர்களுடைய வலையில் உடல்கள் வந்தன. அறிவித்தால் விசாரணை, படகைக் கட்டி வைப்பார்கள், தொழில் போய்விடும் என்ற பயம். திரும்பக் கடலிலேயே விட்டார்கள்.

ஐந்தாவது வருடம், வலையில் வந்த ஒரு அடையாள அட்டையை ஒரு மீனவர் மறைக்காமல் வெளியில் கொடுத்தார். பிளாஸ்ரிக் உறை போட்ட இலங்கை அடையாள அட்டை. 17 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவனுடையது. அதை வைத்துக்கொண்டு லா ரெப்புப்ளிக்கா பத்திரிகையின் ஜொவான்னி மரிய பெல்லு தேடினார். 2001 யூனில் கடலுக்குள் கமராவோடு ஓர் இயந்திரத்தை இறக்கி, 108 மீற்றர் ஆழத்தில் அந்தப் படகைப் படம் எடுத்தார். போர்த்தோபாலோவில் இருந்து 19 கடல் மைல். படகைத் தூக்கச் சொல்லி இத்தாலியின் நோபல் பரிசு பெற்றவர்கள் நாலு பேர் கேட்டார்கள். தூக்கவில்லை. பெல்லு 2004 இல் இதைப் புத்தகமாக எழுதினார், 2017 இல் இத்தாலிய ரிவியில் தொடராகவும் வந்தது.

மாமாவின் தம்பி அந்தப் படகில்தான் இருந்தார் என்று யாரும் எழுதித் தரவில்லை. நாள் பொருந்துகிறது, ஏஜென்சி சொன்னது பொருந்துகிறது, அதுக்குப் பிறகு ரெலிபோன் வரவில்லை. அவ்வளவுதான்.

போகாமல் விடுவோமா என்று இவரைக் கேட்டேன். "காசு கட்டியாச்சு" என்றார். பிறகு, அது சரியான பதில் இல்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், "நீர் சொன்னா விடுவம்" என்றார். அம்மாதான் முடிவைச் சொன்னா. "விசர் கதை கதையாதேங்கோ. போட்டு வாங்கோ." வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள் ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் கோயிலில் எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தா. கையில் ஈரக் கடதாசியில் சுற்றிய ஒரு முழம் மல்லிகைச் சரம், லாச்சப்பலில் வாங்கியது. "அந்த இடம் வரேக்க கடல்ல போடு பிள்ளை" என்றா.

கார் த லியோனில் இருந்து மார்செய்க்குத் தேஜேவேயில் மூன்றேகால் மணித்தியாலம் அளவில். இந்தத் துறைமுகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எத்தனையோ காலம் மெஸாஜெரி மரித்தீம் கப்பல்கள் இங்கேயிருந்துதான் சூயஸ் தாண்டிக் கொழும்புக்கும் சைகோனுக்கும் போய்வந்தன. பாண்டிச்சேரித் தமிழர் பிரான்சுக்கு வந்து இறங்கிய வாசலும் இதுதான். லாச்சப்பலுக்கு முன்னமே இந்த நாட்டில் தமிழ் இருந்தது என்பதை எங்கட பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

கப்பலில் ஏறியவுடன் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும். 2012 இல் கொஸ்தா கொன்கோர்தியா சரிந்து 32 பேர் செத்த பிறகு, இதை முடிக்காமல் கப்பலை எடுக்க விடுவதில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அறை அட்டையில் நான் நிற்க வேண்டிய இடத்தின் எழுத்து அச்சடித்து இருந்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பலில், ஒவ்வொரு ஆளுக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ ஒரு இடம். அந்த எழுத்தையே நான் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாப்பாடு, சாப்பாடு, பிறகும் சாப்பாடு. மரக்கறிக்காரர் முதல் நாளே சாப்பாட்டு அறை மேலாளரிடம் சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருவார்கள், பருப்புக் கறி உட்பட. உறைப்பு என்று கேட்டால் சிவப்புப் போத்தலைக் கொண்டுவந்து வைப்பார்கள். இவர் மாசித் தூளும் கட்டைச் சம்பலும் ஒரு போத்தலில் கொண்டு வந்திருந்தார். எங்கள் மேசைக்குப் பரிமாறிய தம்பி இரண்டாம் இரவு அதைக் கண்டுவிட்டு, குரலைத் தணித்து, "அக்கா, நீங்க தமிழா?" என்றார்.

தூத்துக்குடிப் பக்கம். எட்டு மாத ஒப்பந்தம், அதில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. மகள் பிறந்து பதினொரு மாதம். "நான் போறப்ப தவழக்கூட இல்லக்கா. இப்ப வீடியோல நடக்குது. போன்ல என்னய பாத்தா சிரிக்குது, நேர்ல பாத்தா அழும்னு நெனைக்கேன்" என்றார். பிள்ளைகளை ஒரு கிழமை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சியில் நாளுக்கு நாலு தரம் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்த எனக்கு அதுக்கு மேல் கதை வரவில்லை. கடைசி நாள் இந்த மாதிரி ஆட்களின் கையில் நேராக ஏதாவது வையுங்கள். சேவைக் கட்டணத்தோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஜெனோவாவில் மழை. பிள்ளைகளோடு போனால் துறைமுகத்திலேயே பெரிய மீன் காட்சிச்சாலை இருக்கிறது, நாங்கள் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நாப்போலியில் எல்லாரும் பொம்பெய்க்கு ஓடுகிறார்கள். நாங்கள் கப்பலுக்கு எதிரே இருக்கிற மெத்ரோவில் ஏறித் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இறங்கினோம். செவ்வாய்க்கிழமை பூட்டு, கவனம். அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறா, தந்தத்தில் செய்தது, உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். 1938 இல் பொம்பெயில் ஒரு வீட்டைத் தோண்டியபோது எடுத்தார்கள். கழுத்து நிறைய மாலை, கை முட்டக் காப்பு, இடுப்பில் மேகலை. இந்தியாவில் செய்தது. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், இயக்கியாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர். கி.பி. 79 இல் வெசுவியஸ் வெடிக்க முதலே கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்துவிட்டா. மிளகும் முத்தும் துணியும் போன அதே பாதையால். மகளுக்குப் படம் அனுப்பினேன். "இவவுக்கு விசா குடுத்தவையா?" என்று எழுதினாள். ஒன்பது வயது! வெளியே தெருவில் நடக்கும்போது நாலு பக்கமும் சிங்களம் கேட்டது, நாப்போலியில் இலங்கையர் அவ்வளவு பேர். கடையில் ஒருவர் எங்களைப் பார்த்து "லங்காவத?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு கிரீம் கிறாக்கர் வாங்கினோம்.

மெசினாவில் பேராலயத்தின் மணிக்கூண்டு. 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் ஊரே விழுந்து, திரும்பக் கட்டிய ஊர் இது. 1933 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கின் உங்கெரர் கொம்பனி செய்து கொடுத்த வானியல் மணிக்கூடு. நண்பகல் பன்னிரண்டுக்குப் பொற்சிங்கம் கர்ச்சிக்கும், பிறகு சேவல் கூவும், பொம்மைகள் ஒவ்வொன்றாகச் சுற்றும். பிள்ளைகளைக் கொண்டுவந்திருக்கலாமே என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான்.

(சில கப்பல்கள் மெசினாவுக்குப் பதிலாகப் பலெர்மோவில் நிற்கும். அது கிடைத்தால் விடாதீர்கள். அங்கே எங்கட சனம் கனபேர். மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஞாயிறுகளில் சைவச் சனமும் ஏறிப் போய்க் கும்பிடுகிறது, நேர்த்தி வைக்கிறது.)

பின்னேரம் கப்பல் வெளிக்கிட்டது. வலப்பக்கம் எட்னா இருட்டும்வரை கூட வந்தது. அறை ரிவியில் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடம் ஓடும். நான் பாட்டுக் கச்சேரிக்கும் போகவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுச்சாமம் தாண்ட, சரத்தை எடுத்துக்கொண்டு மேல் தட்டுக்குப் போனோம்.

கடலில் எதையும் எறியக் கூடாது. பூவும் எறியக் கூடாது. அது அறையில் எழுதியே இருக்கிறது. மெழுகுதிரி, கற்பூரம் ஒண்டும் கொளுத்த ஏலாது. இது எனக்கு முதலே தெரியும், அம்மாவுக்குச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வலப்பக்கம் கரை வெளிச்சங்கள் வரிசையாய்த் தெரிந்தன. ஒரு வெளிச்சவீடு விட்டு விட்டு மின்னியது. எங்கள் கப்பல் கரைக்குக் கிட்டவாகப் போனது, அவர்கள் தாண்ட இடம் இன்னும் வெளியே, இருட்டுக்குள். கடல் அசையாமல் கிடந்தது. பின்னால் நீச்சல் குளத்தடியில் பாட்டுப் போட்டு ஒரு கூட்டம் ஆடியது. ஸ்பானியப் பெண்ணொருத்தி வந்து எங்களைப் படம் எடுத்துத் தரட்டோ என்று கேட்டா. இவர் வேண்டாம் என்று கை காட்டினார். அரை மணித்தியாலம் நின்றிருப்போம். குளிர்ந்தது, வந்து படுத்தோம்.

வலெத்தாவில் காலமை. மேல் பராக்கா பூங்காவில் இருந்து துறைமுகத்தைப் பார்க்கிறது அழகு, லிஃப்ட் இருக்கிறது, வயது போனவர்களும் ஏறலாம். பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி சுடுவார்கள். அதுக்கு முதல் நாங்கள் எதிர்ப்பக்கம் போய், ஸ்லீமாவுக்குப் போகும் படகுத்துறைப் பக்கமாக இறங்கினோம். தண்ணீர் தொடும் மட்டும் கல்லுப் படி. நாலு நாளில் மல்லிகை மண்ணிறமாகிவிட்டது, மணம் மட்டும் கொஞ்சம் இருந்தது. நூலைக் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் தண்ணீரில் விட்டேன். படியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் பார்த்துவிட்டுத் தன் தூண்டிலை இழுத்து எடுத்தார், பூ விலகிப் போகும் மட்டும் திரும்பப் போடவில்லை.

பார்சலோனாவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. சக்ராதா ஃபமீலியாவுக்கு முதலே ரிக்கெற் எடுங்கள், போய் நின்றால் கிடையாது.

வீட்டுக்கு வந்த இரவு மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மம்மா ஏன் பூ தந்தவ?" என்று கேட்டாள். தந்ததைக் கண்டிருக்கிறாள். எனக்கு ஏழு வயதில் சொன்ன மாதிரி ஒன்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மாமாவின் தம்பி ஒரு படகில் வந்தார், படகு சின்னது, ஆட்கள் கூட, வந்து சேரவில்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கட கப்பல்ல இடம் இருந்ததா?" என்று கேட்டாள். ஓம், நிறைய இருந்தது என்றேன்.

மாமா இப்பவும் இருக்கிறார். வேலையை விட்டாயிற்று. பின்னேரங்களில் லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நிற்பார். அடுத்த சனி பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுப் போய், அவரையும் கூட்டிக்கொண்டு ரூ பெர்தொனேயில் தேத்தண்ணிக்கு இருந்தோம். அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தா. அவர் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை, பூவைப் பற்றியும் கேட்கவில்லை. சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அதில நிக்கேக்க கரை தெரிஞ்சதோ பிள்ளை?"

"தெரிஞ்சது மாமா. வெளிச்சம் தெரிஞ்சது."

தலையை ஆட்டினார். தேத்தண்ணி முடியும் மட்டும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. காசை என்னைக் கட்ட விடவில்லை.